முதல் மன்றமும் முழு மன்றமும்

2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு நாள் மாலை, எங்கள் பீர்க்கன்கரணை ஏரிக்கரையோரமாக நடந்து சென்றுகொண்டிருந்தேன். தாம்பரம் மாநகராட்சிக்கு முதன்முதலாகத் தேர்தல் நடைபெறவிருந்த நேரம் அது. அதற்கு முந்திய ஆண்டு வரையில் பீர்க்கன்கரணை ஒரு பேரூராட்சியாக இருந்தது. அதனையும், பெருங்களத்தூர், சிட்லபாக்கம் முதலிய வேறு நான்கு பேரூராட்சிகளையும், தாம்பரம், பல்லாவரம் முதலிய ஐந்து நகராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்து, 70 வட்டங்களாகப் பகுத்திருந்தார்கள். தெருவெங்கும் ஒலிபெருக்கியின் முழக்கம். வீட்டுத் திண்ணைகளில் துண்டறிக்கைகள்.

கல்லூரியில் அரசியல் பயிலும் எங்கள் தெரு இளைஞர் ஒருவர் எதிரே வந்தார். அந்தத் தேர்தலில்தான் அவர் முதன்முறையாக வாக்களிக்க இருந்தார். வணக்கம் சொல்லிவிட்டு என்னுடன் சேர்ந்து நடந்தார்.

“ஐயா, ஒரு சந்தேகம். அமெரிக்க நாட்டில் வேட்பாளர் முதலில் தம் கட்சிக்காரர்களிடம் வென்று, பிறகுதான் பொதுமக்களிடம் வாக்குக் கேட்கிறாராம். கட்சிக்காரர்களிடம் சொன்ன கொள்கையையே பொதுமக்களிடமும் சொல்வாரா, மாற்றிக்கொள்வாரா? எங்கள் வகுப்பில் பெரிய வழக்காக இருக்கிறது. நம் நாட்டில் அப்படிப்பட்ட தேர்தலே இல்லை, ஆகையால் இந்தக் கேள்வி நமக்கு வேண்டியதில்லை என்று ஒருவர் முடித்துவிட்டார்” என்றார்.

“முடித்து வைத்தவர்தாம் தவறு செய்தார், தம்பி” என்றேன். அன்று அவரிடம் சொன்னவற்றையே சற்று விரித்து இன்று உங்களிடம் கூற எண்ணுகிறேன்.

கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்வதற்காக மட்டும் நடைபெறும் தேர்தலை முதனிலைத் தேர்தல் எனலாம். (வேட்பாளர் என்னும் சொல்லே பின்னர் வந்தது, எங்கள் தந்தையார் காலத்தில் அபேட்சகர் என்பார்கள்.) அமெரிக்காவில் தொடக்கத்தில் காங்கிரசு சபையிலிருந்த கட்சி உறுப்பினர்கள் ஓர் அறையில் கூடி, குடியரசுத் தலைவர் பதவிக்கு யாரை நிறுத்துவது என்று முடிவு செய்து வந்தனர். 1830ஆம் ஆண்டுகளிலிருந்து அந்த வேலை கட்சி மாநாடுகளின் கைக்கு மாறியது. அங்கும் சில பெரிய தலைவர்களின் சொல்லே செல்லுபடியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சின் போன்ற மாநிலங்கள் இதை மாற்றி, கட்சியைச் சார்ந்த சாதாரண வாக்காளரே வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சட்டமாக்கின. எனினும் 1968இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி என்பவர் ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாமலே சிகாகோ மாநாட்டில் தம் கட்சியின் வேட்பாளர் ஆகிவிட்டார். அதனால் எழுந்த கிளர்ச்சிக்குப் பின்னர், 1972 முதல் முதனிலைத் தேர்தல்களின் முடிவே பெரும்பாலும் இறுதி முடிவாகிவிட்டது.

இனி நம் இளைஞரின் கேள்விக்கு வருவோம். கட்சிக்காரர்கள் கூடும் முதல் மன்றம் சிறியது, உணர்ச்சி மிகுந்தது, கொள்கையில் உறுதியை விரும்புவது. பொதுமக்களாகிய முழு மன்றமோ பெரியது, பலதிறப்பட்டது, அடுப்பு எரிவதைப் பற்றிக் கவலைப்படுவது. ஒரே மனிதர் இரண்டையும் வென்றாக வேண்டும். முதலில் சொன்னதை மாற்றிக்கொள்ள அவருக்கு ஆசை ஏற்படுவது இயல்பே.

இதனை விளக்க ஹோட்டலிங் என்னும் பொருளியல் அறிஞர் 1929இல் வகுத்த ஓர் உவமை உதவும். அவர் சொன்னதை நம் ஊர்ச் சாலைக்குப் பொருத்திச் சொல்கிறேன். இரும்புலியூரிலிருந்து வண்டலூர் வரையுள்ள நெடுஞ்சாலையில் இரண்டு இளநீர்க் கடைகள் மட்டுமே உள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை நெடுக மக்கள் சீராக வசிக்கிறார்கள்; ஒவ்வொருவரும் அருகிலுள்ள கடைக்கே செல்வார்கள். இரு முனைகளிலும் இருந்த கடைக்காரர்கள், மற்றவருடைய வாடிக்கையைச் சிறிது சிறிதாகப் பெற விரும்பி நடுப்புறம் நகர்ந்து, இறுதியில் பெருங்களத்தூர்ப் பக்கம் அடுத்தடுத்து அமர்ந்துவிடுவார்கள். 1957இல் அந்தோணி டவுன்ஸ் என்பவர் இக்கருத்தை விரித்து, கட்சிகளும் இவ்வாறே நடுவில் நிற்கும் வாக்காளரை நோக்கி நகரும் என்று ஒரு நூல் எழுதினார். நிற்க. கடை வைப்பதற்கே இரும்புலியூர் முனையில் இருப்பவர்களிடம் முதலில் அனுமதி பெற வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் என்ன ஆகும்? “உங்கள் முனையை விட்டு அசைய மாட்டேன்” என்று சத்தியம் செய்தால்தான் அனுமதி கிடைக்கும். அனுமதி பெற்ற மறுநாளே கால்கள் பெருங்களத்தூரை நோக்கும். முதனிலைத் தேர்தலில் உள்ள சிக்கல் இதுதான்.

அமெரிக்க வரலாற்றில் இதற்கு எல்லா வகைச் சான்றும் உண்டு. 1964இல் பாரி கோல்ட்வாட்டர், ராக்கபெல்லரைத் தோற்கடித்துக் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஆனார். இனிமேலாவது சற்று மென்மையாகப் பேசுவார் என்று நண்பர்கள் எதிர்பார்த்தார்கள். அவரோ மாநாட்டு மேடையிலேயே தம் தீவிரத்தை நியாயப்படுத்திப் பேசினார். 50 மாநிலங்களில் 44இல் தோற்றார். 1972இல் ஜனநாயகக் கட்சியின் மக்கவர்ன், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் வழங்கலாம் என்றொரு திட்டத்தைக் கட்சிப் போட்டியின்போது கூறிவந்தார். வேட்பாளர் ஆன பிறகு, ஆகஸ்டுத் திங்களில் அதைக் கைவிட்டார். அவர் 49 மாநிலங்களில் தோற்றார். அசையாதவரும் தோற்றார், அசைந்தவரும் தோற்றார். 2008இல் பாரக் ஒபாமாவின் கதை வேறு. நீதிமன்ற ஆணையின்றி மக்களின் உரையாடல்களை ஒற்றுக்கேட்க அரசுக்கு உதவிய தொலைபேசி நிறுவனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கும் எந்த மசோதாவையும் தடுப்பதாகக் கட்சிப் போட்டிக் காலத்தில் அவர் தரப்பு உறுதி கூறியிருந்தது. போட்டியில் வென்ற பின்னர், ஜூலைத் திங்களில், அத்தகைய பாதுகாப்பை உள்ளடக்கிய மசோதாவுக்கு ஆதரவாகவே வாக்களித்தார். ஆதரவாளர் பலர் மனம் வருந்தினர். ஆயினும் நவம்பரில் அவர் வென்றார்.

2012இல் மிட் ராம்னியின் ஆலோசகர் ஒருவர் இந்த இரகசியத்தை வாய்தவறி வெளியிட்டுவிட்டார். கட்சிப் போட்டியில் பேசிய தீவிரமான பேச்சு பின்னால் இடைஞ்சல் ஆகாதா என்று ஒருவர் கேட்டதற்கு, குழந்தைகள் படம் வரைந்து, பிறகு குலுக்கி அழித்துவிடும் ஒரு விளையாட்டுப் பலகையை அவர் உவமையாகச் சொன்னார். பலகையைக் குலுக்கிவிட்டு மறுபடியும் வரையலாமாம்! மக்களின் நினைவை ஈரத்துணியால் துடைக்கும் சிலேட்டு என்று கருதினார் போலும். எதிர்க்கட்சியினர் மட்டுமல்லர், ராம்னியின் கட்சியிலேயே அவரோடு போட்டியிட்டவர்களும் அந்தப் பலகையைக் கையில் ஏந்திக்கொண்டு மேடையேறினார்கள்.

இவ்வளவையும் கேட்ட நம் இளைஞர், “இவையெல்லாம் அங்கே நடந்தவை. இங்கே?” என்றார்.

இங்கே கட்சியின் வேட்பாளரைத் தலைமை அறிவிக்கிறது. 2014இல் காங்கிரசுக் கட்சி சில மக்களவைத் தொகுதிகளில் முதனிலைத் தேர்தலைச் சோதனையாக நடத்திப் பார்த்தது, அது வேரூன்றவில்லை. ஆனால், முதல் மன்றம், முழு மன்றம் என்னும் இரண்டும் நம் நாட்டிலும் என்றும் இருந்தே வந்திருக்கின்றன. 1937ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1935ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தை ஏற்பதில்லை, சட்டசபைக்குள் புகுவதும் அதை முறியடிப்பதற்கே என்று தன் தொண்டர்களிடம் கூறித் தேர்தலுக்குச் சென்ற காங்கிரசு, சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159ஐப் பெற்றது. பதவி ஏற்பதா வேண்டாமா என்று சில திங்கள் வாதம் நடந்தது. அவ்வாண்டு ஜூலையில் இராஜாஜி தலைமையில் அதே சட்டத்தின்கீழ் அமைச்சரவை அமைத்தது.

இதனினும் தெளிவான நிகழ்ச்சி சுதந்திரத்திற்குப் பின்னர் நம் மாநிலத்திலேயே நடந்தது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம், 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் போட்டியிடவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கையை உள்ளிட்ட தன் கொள்கைகளுக்குத் துணை நிற்பதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வேட்பாளர்களுக்கு ஆதரவு தருவது என்று முடிவு செய்தது. முதல் மன்றத்தின் ஒப்புதலுக்குக் கையெழுத்தே விலை என்று சொல்லலாம். பொதுநலக் கட்சியும் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியும் அத்தேர்தலில் அக்கழகத்தின் ஆதரவைப் பெற்றன. வாக்குகள் எண்ணப்பட்டன. 375 இடங்கள் கொண்ட சபையில் காங்கிரசு 152 இடங்களையே பெற்று, துணைக்கு ஆள் தேடிற்று. பொதுநலக் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயகர் அவ்வாண்டே இராஜாஜியின் அமைச்சரவையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சித் தலைவர் இராமசாமிப் படையாட்சியார் 1954இல் காமராசரின் அமைச்சரவையில் சேர்ந்தார். தங்கள் பகுதி மக்களுக்கு நன்மை செய்ய அமைச்சர் பதவி வேண்டும் என்பதில் நியாயமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எழுதி வாங்கிய உறுதிமொழி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இங்குக் கேள்வி. ஒப்பந்தம் எழுதித் தந்தவரைத் தேர்தலுக்குப் பின்னர் பிடித்து நிறுத்த அக்கழகத்திடம் எந்தக் கயிறும் இல்லை.

அடுத்த முறை பிறரை நம்பாமல் தாமே நிற்பதா என்ற கேள்வி எழுந்தது. 1956 மே மாதம் திருச்சியில் கூடிய மாநில மாநாட்டில் அண்ணா ஒரு புதுமை செய்தார். தேர்தலில் ஈடுபடலாமா, கூடாதா என்பதைத் தலைவர்கள் மட்டும் முடிவு செய்யாமல், மாநாட்டுக்கு வந்தோரையே பெட்டிகளில் வாக்களிக்கச் செய்தார். ஈடுபடலாம் என்றவர்கள் 56,942 பேர். கூடாது என்றவர்கள் 4,203 பேர். நம் மாநில வரலாற்றில் முதனிலைத் தேர்தலுக்கு மிக அருகில் வருவது இதுவே என்பது என் எண்ணம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அன்று. வழியைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு. எனினும் கட்சித் தொண்டர், முழு மன்றத்தின் முன் செல்லத் தங்கள் தலைவர்களுக்கு அனுமதி கொடுத்த நாள் அது.

1957இல் அக்கழகம் 15 சட்டசபை இடங்களை வென்றது. 1962இல் 50 இடங்கள். அந்த 50 தொகுதிகளின் மக்கள் எதற்காக வாக்களித்தார்கள்? மேடைகளில் திராவிட நாடு முழங்கியது உண்மை. ஆனால் விலைவாசியும், மொழியும், காங்கிரசு ஆட்சியின்மேல் இருந்த சலிப்பும் வாக்குகளாக மாறின என்று கருத இடமுண்டு. கோரிக்கையின்படி திராவிட நாட்டில் சேர வேண்டிய ஆந்திரத்திலும் கேரளத்திலும் கன்னட நாட்டிலும் அக்கோரிக்கைக்கு ஆதரவே எழவில்லை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்த பிறகு அது மேலும் அரிதாயிற்று. இதைக் கட்சிக்குள்ளேயே வெளிப்படையாக எடுத்துரைத்தவர் ஈ. வெ. கி. சம்பத். நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை என்று வாதாடி, 1961 ஏப்ரலில் கட்சியை விட்டு வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். 1962 தேர்தலில் அக்கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை.

அதே தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா மாநிலங்களவைக்குச் சென்றார். 1962 மே மாதத்தில் அங்கு ஆற்றிய முதல் உரையில் திராவிட நாட்டுக்குத் தன்னாட்சி உரிமை கோரினார். அவ்வாண்டின் இறுதியில் சீனப் போர் மூண்டதும் கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது. 1963 அக்டோபரில் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தேர்தலில் நிற்கும் ஒவ்வொருவரும் இந்தியாவின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதி ஏற்க வேண்டும் என்று அது விதித்தது. கோரிக்கையை வைத்துக்கொண்டால் வாக்குப்பெட்டியை இழக்க வேண்டும். வாக்குப்பெட்டியை வைத்துக்கொண்டால் கோரிக்கையை இழக்க வேண்டும். அடுத்த திங்களே கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கை போனாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா விளக்கினார்.

பதவிக்காகக் கொள்கையை விட்டார்கள் என்று அன்று சிலர் பழித்தார்கள். நாட்டுக்காக விட்டார்கள் என்று சிலர் புகழ்ந்தார்கள். என் கருத்தில், 1963இல் வந்த விடையின் பெரும்பகுதி 1956ஆம் ஆண்டுத் திருச்சிப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. தேர்தல் வழியே நம் வழி என்று 56,942 பேர் சொன்னபோது, அந்த வழி எதைச் சுமந்து செல்ல இடம் தருமோ அதை மட்டுமே சுமக்க முடியும் என்பதும் உடன் முடிவாகிவிட்டது. பலர் அதை அன்று உணர்ந்திருக்க மாட்டார்கள்.

இதில் மாறாததையும் பார்க்க வேண்டும். 1967இல் 137 இடங்களைப் பெற்று அக்கழகம் ஆட்சிக்கு வந்தது. மொழிக் கொள்கையில் அது பின்வாங்கவில்லை. 1968 ஜனவரியில் மும்மொழித் திட்டத்தை நீக்கி, தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. முதல் மன்றமும் முழு மன்றமும் ஒரே குரலில் வேண்டியது நிலைத்தது. முதல் மன்றம் மட்டும் வேண்டியது உதிர்ந்தது. இரண்டு மன்றங்களும் வேண்டியும் கருவூலம் இடங்கொடாதது எது தெரியுமா? அரிசி. உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த அந்நாளில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது தேர்தல் மேடையின் பெரிய வாக்குறுதி. 1967 மே மாதம் நடைமுறைக்கு வந்ததோ, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி. அக்காலத்தில் வழங்கிய “மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம்” என்னும் முழக்கத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வார்கள். மாற்றத்திற்கு முன்கூட்டியே ஒரு கதவைத் திறந்து வைத்த முழக்கம் அது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அமெரிக்கச் சட்டமன்ற உறுப்பினர் தம் கட்சிக்கு எதிராக வாக்களிக்கலாம், பதவி போகாது, அடுத்த முதனிலைத் தேர்தலில் தம் கட்சிக்காரர்கள் தம்மை வீழ்த்திவிடுவார்களோ என்ற அச்சம் மட்டுமே அவரைக் கட்டுப்படுத்தும். நம் நாட்டில் 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாகச் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ வாக்களிப்பவர் தம் இடத்தையே இழக்க நேரும். 1952இல் கட்சிகளிடம் இல்லாதிருந்த கயிறு இப்போது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கயிற்றின் மறுமுனை கட்சித் தலைமையின் கையில் உள்ளது. வாக்காளர் கையில் இல்லை. உறுப்பினர் தனியே மாறினால் குற்றம். கட்சியே மாறினால் எல்லாரும் சேர்ந்து மாறுவது ஒழுங்கு.

இதற்குள் நாங்கள் நெடுஞ்சாலையை அடைந்துவிட்டோம். இளைஞர் தம் சட்டைப் பையிலிருந்து துண்டறிக்கை ஒன்றை எடுத்துக் காட்டினார். மழைநீர்க் கால்வாய், ஏரியைத் தூர்வாருதல், தெருவிளக்கு என்று மூன்று வாக்குறுதிகள் அதில் இருந்தன. மாநகராட்சியில் மன்றங்களின் வரிசை தலைகீழானது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். இங்கு வட்டத்து மக்கள் முதலில் வாக்களிப்பார்கள். மார்ச் 4ஆம் நாள் 70 உறுப்பினர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். “எங்கள் தெருக் கால்வாய்தான் முதலில்” என்று இங்கே சொல்பவர், அங்கே அதே சொல்லைச் சொல்லும் இன்னும் 69 பேருக்கு நடுவில் அமர வேண்டும்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சம்பத் சொன்னதையே இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கட்சியும் ஏற்றுக்கொண்டதே. பின் ஏன் அவருக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை?” என்று கேட்டார்.

“அந்தக் கோரிக்கையை நேசித்தவர்கள் அவரை மன்னிக்கவில்லை. அதை வெறுத்தவர்களுக்கு ஏற்கெனவே காங்கிரசு இருந்தது. முதல் மன்றத்தை வெல்வதற்கு முன்பே நடுச்சாலைக்கு வந்துவிட்டார், தம்பி, அங்கே கடை போட அவருக்கு அனுமதி கொடுக்க யாரும் இல்லை” என்றேன்.

பேருந்து வந்துவிட்டது. ஏறுவதற்கு முன்னர், துண்டறிக்கையின் பின்புறத்தில் அன்றைய தேதியைக் குறித்து, அதைத் தம் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.